மருந்தாய்வும் நோயாளர்க்குரிய தமிழும்

1. தோற்றுவாய்

புதுச்சேரி நகரின் வடமேற்கே வழுதாவூர்ச் சாலையை ஒட்டியது கதிர்காமம். ஈழத்து முருகன் திருப்பதியின் பெயரைத் தாங்கிய இப்பகுதியில் 2010ஆம் ஆண்டு முதல் இந்திரா காந்தி மருத்துவக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் இயங்கி வருகின்றது. புதுவைப் பல்கலைக்கழகத்தோடு இணைவு பெற்ற அந்நிறுவனத்தின் பெயரில் மருத்துவமும் கல்வியும் ஆராய்ச்சியும் ஒருங்கே நிற்கின்றன. அதன் வாயிலில் விடியற்காலையில் வந்து வரிசையில் நிற்கும் நோயாளர்க்கோ, அஃது 'ஆஸ்பத்திரி' மட்டுமே. மருத்துவக் கல்லூரி என்பது நோய் தீர்க்கும் இடமாதலோடு மருந்தை ஆராயும் இடமும் ஆகலாம் என்னும் செய்தி அவர்கட்கு எம்மொழியில், எச்சொற்களால் சொல்லப்படுகின்றது? சொல்லப்படுவது அவர்கட்கு விளங்குகின்றதா?

இவ்வினா மருத்துவர்க்கே உரியது, தமிழாய்வாளர்க்கு இதில் என்ன வேலை என்று கருதுவார் உளர். அக்கருத்துப் பொருந்தாது என்பதை வரலாற்று வழியில் நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். மருந்தாய்வின் அறம் நோயாளியின் இசைவில் நிற்கின்றது. இசைவு அவர் பெற்ற விளக்கத்தில் நிற்கின்றது. விளக்கம் மொழியில் நிற்கின்றது. ஆதலின் மொழி பிழைபடின் அதன்மேல் எழுந்த அறமும் பிழைபடும்.

2. ஒப்பிட்டறியும் முறை

ஒரு மருந்து நோயைத் தீர்த்ததா, நோய் தானே தணிந்ததா என்பதை ஒரு நோயாளியைக் கொண்டு மட்டும் துணிய இயலாது. ஒத்த நிலையிலுள்ளோரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு ஒன்றும் மற்றொரு பிரிவினர்க்கு வேறொன்றும் அளித்து, விளைவை ஒப்பிட்டுக் காணல் வேண்டும். 1747ஆம் ஆண்டில் ஆங்கிலக் கப்பற்படை மருத்துவர் சேம்சு லிண்டு என்பார், ஈறு வீங்கிக் குருதி கசியும் நோயுற்ற மாலுமியர் பன்னிருவரை இருவர் இருவராகப் பிரித்து ஆறு வகை உணவும் மருந்தும் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்டவரே விரைந்து தேறினர். இம்முறை முதிர்ந்து, யார் எப்பிரிவினர் என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கு விடாமல் குலுக்கல் போன்ற முறையால் வகுக்கும் நிலை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உருப்பெற்றது.

அம்முறைக்கு வழிகாட்டியாகக் கொள்ளப்படுவது, பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1948இல் வெளியிட்ட சிட்ரெப்டோமைசின் ஆய்வாகும். காசநோயாளர் 107 பேர் அதில் இடம்பெற்றனர். 55 பேர் படுக்கை ஓய்வோடு புதுமருந்தும், 52 பேர் ஓய்வு மட்டுமே பெற்றனர். ஈண்டுக் குறிக்கத்தக்கது ஒன்றுண்டு. மருந்து பெறாத பிரிவினர், தாம் ஓர் ஆய்வில் உள்ளோம் என்பதையே இறுதிவரை அறியார். அறிவியல் நோக்கில் பெரும் புகழ் பெற்ற அவ்வாய்வு, நோயாளியிடம் சொல்லுதல் கடமை என்னும் எண்ணம் பிறவாத காலத்தது. போர்க்காலக் கொடுமைகளின் பின் எழுந்த நூரம்பர்க்கு நெறிகள் 1947இலேயே தன்விருப்பமான இசைவை வலியுறுத்தியிருப்பினும், மருத்துவ உலகம் அதனைத் தன் நெறியாக ஏற்றது 1964ஆம் ஆண்டு ஹெல்சிங்கி அறிக்கையின் வாயிலாகவே எனலாம்.

3. சென்னையின் பங்கு

இவ்வரலாற்றில் தமிழகம் வகித்த இடம் சிறிதன்று. 1956ஆம் ஆண்டில் சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு மையம் தோன்றியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக நலவாழ்வு நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் கூடி அதனை நிறுவின. வாலசு பாக்சு என்பார் அதன் முதல் தலைவர். அம்மையமே இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக வளர்ந்து நிற்கின்றது.

அக்காலத்தில் காசநோயாளியை ஊருக்கு வெளியே காற்றோட்டமான மருத்துவமனையில் மாதக்கணக்கில் வைத்துப் பேணுவதே உயர்ந்த முறையெனக் கருதப்பட்டது. நோயாளர் தொகையோ பெரிது, படுக்கைகளோ சில. வீட்டிலிருந்தே மருந்துண்டால் நோய் தீருமா என்பதே ஆய்வுக்குரிய வினா. நகரத்து ஏழை நோயாளர் 193 பேர் குலுக்கல் முறையால் இரு பிரிவாக்கப் பெற்றனர். ஒரு சாரார் காசநோய் மருத்துவமனையிலும், மறு சாரார் தம் நெருக்கமான சிறு வீடுகளிலும் ஓராண்டுக் காலம் ஐசோனையசிடும் பாசு என்னும் மருந்தும் உண்டனர். மருத்துவமனையினர்க்கு நல்லுணவும் ஓய்வும் உண்டு. வீட்டினர்க்கு அவை அரிது. ஆண்டின் முடிவில் நோய் தணிந்தோர் மருத்துவமனையில் நூற்றுக்கு 92 பேர், வீட்டில் 86 பேர். உடனுறையும் குடும்பத்தார்க்கு நோய் பற்றுவதும் வீட்டுப் பிரிவில் மிகவில்லை. 1959இல் வெளிவந்த இம்முடிவு, உலகெங்கும் காசநோய் மருத்துவத்தை மருத்துவமனைப் படுக்கையிலிருந்து வீட்டுத் திண்ணைக்குக் கொணர்ந்தது.

இவ்வெற்றியின் பின்புலத்தை மொழிநோக்கில் காணல் வேண்டும். இருமல் நின்ற பின்னும், உடம்பு தேறிய பின்னும், நாள்தோறும் மருந்துண்ண வேண்டுமென்பது எளிதில் ஏற்கத்தக்கதன்று. மையத்தின் நலப்பணியாளர் முன்னறிவிப்பின்றி வீடுதேடிச் சென்றனர், எஞ்சிய மருந்தை எண்ணினர், சிறுநீரை ஆய்ந்தனர். எண்ணுதலும் ஆய்தலும் காவல். காவல் மட்டும் ஓராண்டு செல்லாது. வாயிற்படியில் நின்று நோயாளியோடும் வீட்டாரோடும் அவர்தம் பேச்சில் பேசிய பேச்சே ஓராண்டைக் கடத்தியிருத்தல் வேண்டும் என்பது எம் துணிபு. எனினும் அப்பேச்சு எழுத்தில் நிலைபெறவில்லை. ஆய்வின் முடிவு ஆங்கிலத்தில் உலகறிந்தது; ஆய்வை நோயாளிக்கு உணர்த்திய தமிழ், பேசியவரோடு சென்றது.

4. கூட்டத்தின் இசைவும் தனியாளின் இசைவும்

அடுத்து எழுந்த ஆய்வுகள் பரப்பில் மிகப் பெரியன. 1968இல் செங்கற்பட்டு மாவட்டத்தில் பி.சி.சி. தடுப்பூசி ஆய்வு தொடங்கிற்று. ஏறத்தாழ 2,60,000 மக்கள் அதில் இடம்பெற்றனர். ஒரு சாரார்க்குத் தடுப்பூசியும் மறு சாரார்க்கு மருந்தில்லா ஊசியும் இடப்பட்டன. வயது வந்தோர்க்கு வரும் நுரையீரற் காசத்தை அத்தடுப்பூசி தடுக்கவில்லை என்பதே அதனால் அறிந்த முடிவு. எதிர்பார்த்தது கிட்டாமையும் ஆய்வின் பயனே என்பதற்கு இஃதோர் சான்று.

புதுச்சேரியிலோ யானைக்கால் நோய் நெடுங்காலம் நிலவியது. 1975இல் இங்கு நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் நிறுவப்பெற்றது. 1990களில் அம்மையத்தார் அண்மைத் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில், சில ஊர்களுக்கு டையெத்தில்கார்பமசின், சில ஊர்களுக்கு ஐவர்மெக்டின், சில ஊர்களுக்கு மருந்தில்லாத ஒப்புமாத்திரை என வகுத்து ஒப்பிட்டனர். இங்ஙனம் ஊரே ஆய்வின் அலகாகும்போது இசைவு யாருடையது? ஊர்ப் பெரியவர் தலையசைத்தல் ஊரார் அனைவரின் இசைவாகுமா? நம் மரபில் ஊரொப்பம் பெருமதிப்புடையது. எனினும் உடம்பு தனியாளுடையது; ஆதலின் ஊரொப்பம் வாயிலைத் திறக்கலாமேயன்றித் தனியாளின் இசைவுக்கு ஈடாகாது.

இவ்வேறுபாட்டை மறந்ததன் விளைவை 2009ஆம் ஆண்டு நிகழ்ச்சி காட்டிற்று. அன்றைய ஆந்திரத்துக் கம்மம் மாவட்டத்திலும் குசராத்து வடோதராவிலும் பள்ளிச் சிறுமியர்க்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வு நடந்தது. பெற்றோர் இடவேண்டிய ஒப்பத்தைப் பல இடங்களில் விடுதிக் காப்பாளரும் தலைமையாசிரியரும் இட்டிருந்தனர் என்பது பின்னர் வெளிப்பட்டது. 2010இல் அவ்வாய்வு நிறுத்தப்பட்டது. 2013இல் நாடாளுமன்றக் குழு அதனைக் கடுமையாகக் கண்டித்தது. தடுப்பூசியின் நன்மை தீமை வேறு வினா. கேளாமலும் விளக்காமலும் இட்ட ஊசி, நல்லூசியாயினும் ஆய்வறத்துக்குப் புறம்பானதே.

5. சட்டம் வகுத்த நெறி

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1980இல் மாந்தர்மேல் நிகழும் ஆய்வுக்குரிய அறநெறிக் கொள்கையை வெளியிட்டது. அதனை விரித்த வழிகாட்டிகள் 2000, 2006, 2017 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தன. மருந்தாய்வுகளைப் பொதுப் பதிவேட்டில் பதியும் முறை 2007இல் தோன்றி 2009இல் கட்டாயமாயிற்று. 2019ஆம் ஆண்டுப் புதுமருந்து மற்றும் மருந்தாய்வு விதிகள் இவற்றுக்குச் சட்ட வலிமை தந்துள்ளன. அவ்விதிகளின் சாரம் வருமாறு: ஆய்வு பற்றிய செய்தி, துறைச்சொல் மிடையாத, நோயாளி அறியும் மொழியில் அமைதல் வேண்டும், படிக்க இயலாதவர்க்குச் சார்பற்ற சான்றாளர் முன்னிலையில் படித்துக் காட்டல் வேண்டும், ஆய்வினால் தீங்கு நேரின் மருத்துவமும் இழப்பீடும் உண்டு, அறநெறிக் குழுவின் ஏற்பின்றி ஆய்வு தொடங்கலாகாது. அக்குழுவில் மருத்துவரோடு சட்டமறிந்தாரும், துறைப்பயிற்சியில்லாப் பொதுமக்களுள் ஒருவரும் இருத்தல் வேண்டும் என்பதும் விதி.

விதி செவ்விது. நடைமுறையில் நிகழ்வது யாது? ஆய்வின் செய்தித்தாள் பெரும்பாலும் முதலில் ஆங்கிலத்தில் எழுதப்பெறும், பின்னர்த் தமிழாக்கப்பெறும், அத்தமிழை மற்றொருவர் ஆங்கிலமாக்கி மூலத்தோடு ஒப்பிடுவார். இம்மீள்பெயர்ப்பு ஒத்துவரின் தமிழாக்கம் சரியெனக் கொள்ளப்படும். இங்கேதான் ஒரு குறை மறைந்து கிடக்கின்றது. மீள்பெயர்ப்பு, பெயர்ப்பாளர் இருவர் ஒருவரையொருவர் புரிந்துகொண்டதைக் காட்டும். நோயாளி புரிந்துகொண்டதைக் காட்டாது. அருஞ்சொல் எத்துணைச் செயற்கையானதோ அத்துணைப் பிழையின்றி ஆங்கிலத்துக்குத் திரும்பும். நோயாளிக்கோ அதுவே இருட்டு.

6. சொற்கள் நான்கு

இதனைச் சில சொற்களால் விளக்குவாம்.

முதலாவது 'சோதனை'. ஆய்வைக் குறிக்க இச்சொல்லும் 'பரிசோதனை' என்பதும் வழங்குகின்றன. குருதியும் சிறுநீரும் ஆய்தலையும் மக்கள் 'பரிசோதனை' என்பர்; ஆதலின் 'மருத்துவப் பரிசோதனையில் சேர்கின்றீர்' எனின், குருதி எடுப்பர் போலும் என்றே கொள்வர். 'சோதனை' என்றால் வாழ்வில் வரும் துன்பம் என்பதும் நாட்டு வழக்கு. 'எனக்கு ஏன் இந்தச் சோதனை' என்பார் வாயில் அச்சொல்லின் பொருளே வேறு. 'மருந்தாய்வு' என்பது இவ்விரு மயக்கமும் நீங்கியது. எனினும் 'எந்த மருந்து நல்லது என்று பார்க்கும் ஆய்வு' என ஒருமுறை விரித்துக் கூறிய பின்னரே அதனை ஆளல் தகும்.

இரண்டாவது 'மருந்துப்போலி'. மருந்தின் தோற்றமுடைய, மருந்தில்லாத மாத்திரையை இச்சொல் குறிக்கும். இலக்கணம் பயின்றார்க்குப் 'போலி' குற்றமற்ற சொல். ஓரெழுத்தின் இடத்தில் மற்றோரெழுத்து நின்றும் பொருள் மாறாமையே முதற்போலி முதலியன. கடைத்தெருவில் 'போலி' என்பதோ ஏமாற்று. 'போலி மருந்து' விற்றார் சிறைப்பட்ட செய்தியைச் செய்தித்தாளில் படித்தவர், தமக்கு மருந்துப்போலி தரப்படலாம் என்று கேட்டால் அஞ்சுவர், அவ்வச்சம் நியாயமானதே. 'மருந்து சேராத மாத்திரை. பார்வைக்கு மருந்து போலவே இருக்கும்' எனல் நீண்டதாயினும் நேரியது.

மூன்றாவது 'இரட்டைக் குருட்டு முறை'. யார் எதனைப் பெறுகின்றார் என்பதை நோயாளியும் மருத்துவரும் அறியாதிருத்தலை இது குறிக்கும். ஆங்கிலத்தின் நேர்ப்பெயர்ப்பாகிய இச்சொல், கண் மருத்துவத்துக்கு வந்தவர் காதில் எவ்வாறு ஒலிக்கும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 'உங்களுக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது; அவசரம் நேர்ந்தால் உடனே பார்த்துத் தெரிந்துகொள்ள வழி உண்டு' என்பதில் முழுப்பொருளும் அடங்கும்.

நான்காவதும் தலையாயதும் 'சமவாய்ப்பு'. பள்ளிக் கணித நூல்களில் இடம்பெற்ற இச்சொல், குலுக்கலால் பிரிவு வகுத்தலைக் குறிக்கவும் வந்துள்ளது. 'சமவாய்ப்பு' எனக் கேட்டவர் 'எல்லார்க்கும் சமமாகத் தருவர்' என்று கொள்ளுதல் கூடும். இதனை விளக்க நம் வரலாற்றில் சிறந்த உவமை உண்டு. முதற் பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், குடத்தில் இட்ட ஓலைகளுள் ஒன்றை விவரமறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு அவையறிய எடுப்பிக்கும் குடவோலை முறையைக் கூறுகின்றன. எடுப்பவன் அறியாதவனாதல் வேண்டும், எடுப்பது பலரறிய நிகழ்தல் வேண்டும் என்னும் அவ்விரு நெறியின் கருத்தே மருந்தாய்வின் குலுக்கலிலும் உள்ளது. நடுவுநிலையைக் காப்பதே இரண்டன் நோக்கமும்.

ஆயின் உவமை முற்றும் பொருந்தாது என்பதையும் உடன் கூறுதல் கடன். குடவோலையில் பெயர் வந்தவன் பதவி பெறுவான். இக்காலக் குலுக்கற் சீட்டில் பெயர் வந்தவர் பணம் பெறுவார். ஆகவே குலுக்கல் என்றவுடன் 'புதுமருந்து கிடைத்தவர் வென்றவர், ஏனையோர் தோற்றவர்' என்று நோயாளி எண்ணுதல் இயல்பு. எது சிறந்ததென ஒருவரும் அறியாமையால்தான் ஆய்வே நிகழ்கின்றது. சென்னை ஆய்வில், வீட்டுக்கு அனுப்பப்பட்டவர் தம்மைத் தோற்றவராகவே எண்ணியிருத்தல் கூடும். ஆண்டின் இறுதியில் இரு சாராரும் பெரிதும் வேறுபடவில்லை என்பதே அவ்வாய்வு தந்த செய்தி. 'இஃது பரிசுச் சீட்டு அன்று' என்னும் இவ்வொரு தொடர் விடுபட்டால், மற்றெல்லாம் சொல்லியும் நோயாளிக்கு ஆய்வு விளங்கியதாகாது.

7. எடுத்துக்காட்டு

கூறியவற்றை ஒருங்கே வைத்துக் காட்டல் பயன்தரும். நீரிழிவுப் புண்ணுக்குரிய புதுக்களிம்பு ஒன்றை ஆராய்வதாகக் கொண்டால், கதிர்காமத்துப் புறநோயாளர் பகுதியில் செவிலியர் ஒருவர் முதியவளிடம் பின்வருமாறு கூறலாம்:

"அம்மா, உங்கள் காலில் உள்ள புண்ணுக்கு இப்போது ஒரு களிம்பு போடுகிறோம். புதிதாக இன்னொரு களிம்பு வந்திருக்கிறது. இரண்டில் எது நல்லது என்று எங்களுக்கே இன்னும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்த ஆய்வு. உங்களுக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்குவதுபோல முடிவு செய்வார்கள், நாங்கள் தேர்ந்தெடுப்பதில்லை. இது பரிசுச் சீட்டு அல்ல; புதியது நல்லதாகவும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம், அரிப்போ எரிச்சலோ வரலாம். உங்களுக்கு இதனால் நேர்ப்பயன் இல்லாமற் போனாலும் பின்னால் வருகிறவர்களுக்கு உதவும். தீங்கு வந்தால் இங்கேயே இலவசமாகப் பார்ப்போம். விதிப்படி இழப்பீடும் உண்டு. சேர விருப்பம் இல்லை என்றால் சொல்லிவிடுங்கள். பழைய மருத்துவம் அப்படியே நடக்கும். சேர்ந்த பிறகும் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். வீட்டில் கேட்டுக்கொண்டு நாளைக்குச் சொன்னாலும் போதும். இப்போது நான் சொன்னதை உங்கள் வாயால் ஒருமுறை சொல்லுங்கள், பார்க்கலாம்."

இறுதித் தொடரே இதன் உயிர். முதியவள் தன் சொல்லில் திருப்பிக் கூறுவதே உண்மையான மீள்பெயர்ப்பு. 'புது மருந்து எனக்குக் கட்டாயம் தருவீர்கள்' என்று அவள் கூறின், பிழை அவளுடையதன்று, சொன்னவருடையது. மீண்டும் சொல்லுதல் வேண்டும்.

8. தமிழ்த்துறையின் கடன்

தமிழில் மருத்துவம் எழுதும் முயற்சி புதிதன்று. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிசுக்கு கிறீன் தமிழ்வழி மருத்துவம் கற்பித்தார். இரண வைத்தியம் 1867இலும், வைத்தியாகரம் 1872இலும், கெமிஸ்தம் 1875இலும் வெளிவந்தன. 1916இல் சேலத்தில் எழுந்த கலைச்சொற் சங்கமும், 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த கலைக்களஞ்சியமும் அப்பணியை வளர்த்தன. புதுச்சேரியிலோ 1823இல் பிரெஞ்சியர் மருத்துவப்பள்ளி நிறுவினர்; இன்றைய சிப்மர் நிறுவனம் அதன் வழித்தோன்றல். அரசு பிரெஞ்சில் நடந்தது. பின்னர் மருத்துவக் கல்வி ஆங்கிலத்தில் நடந்தது. நோயாளர் என்றும் தமிழரே.

இவற்றை ஒருங்கு நோக்கின் ஓருண்மை புலனாகும். கலைச்சொல் ஆக்கிய பெருமக்கள் மாணவனையும் ஆசிரியனையும் எதிரில் வைத்து எழுதினர். நோயாளி அவர்தம் நோக்கில் இடம்பெறவில்லை. மாணவனுக்குச் சுருங்கிய சொல் நன்று. அவன் பல்லாண்டு அதனைப் பயில்வான். நோயாளிக்கு விரிந்த விளக்கம் நன்று. கால் மணி நேரத்தில், வலியோடும் அச்சத்தோடும் அவர் கேட்பதாகலின். வள்ளுவர் மருத்துவத்தின் உறுப்பு நான்கனுள் நோயுற்றவனையே முதலில் வைத்தார். நன்னூலார் மதம் ஏழனுள் உடன்படலை அடுத்து மறுத்தலை வைத்தார். இவ்விரு வைப்புமுறையும் மருந்தாய்வின் ஒப்புதல் தாளுக்கு உரியன. நோயாளி முதலில் நிற்றல் வேண்டும்; மறுக்க இயலாதார் உடன்பட்டதும் உடன்பாடாகாது.

ஆதலின் தமிழ்த்துறைகள் செய்யத்தக்கன மூன்று. மருத்துவக் கல்லூரிகளின் அறநெறிக் குழுக்களில் பொதுமக்கள் சார்பாளராகத் தமிழறிந்தார் அமர்தல் ஒன்று. ஒப்புதல் தாள்களை அச்சேறுமுன் வரிசையில் நிற்கும் மக்களிடமே படித்துக் காட்டி, அவர் திருப்பிக் கூறுவதைப் பதிந்து திருத்துதல் ஒன்று. நோய், வலி, மருந்து பற்றி இவ்வட்டாரத்து மக்கள் வழங்கும் சொற்களைத் தொகுத்தல் ஒன்று. முதுகலை மாணவர்க்கு இவை ஆய்வுப் பொருளாகலாம். களம் தொலைவில் இல்லை. கதிர்காமத்து வரிசையில் நிற்கும் முதியவள் ஒருத்தி, தான் எதற்கு இசைகின்றாள் என்பதை அறிந்து இசைவாளாயின், அறிந்து மறுப்பாளாயினும், அன்று தமிழ் தன் கடனை ஆற்றியதாகும்.